நனைந்த முத்திரைப் புத்தகம்: மினசோட்டா பூங்காக்கள் சுற்றியவர்கள் உதவ வேண்டும்

போகும் ஒவ்வொரு மாநிலப் பூங்காவிலும் புத்தகத்தில் ஒரு முத்திரை பதித்து, பள்ளி திறப்பதற்குள் பத்து சேர்ப்பது என் மகளின் கோடைக்காலச் சவால். ஜூன் முதல் ஏழு சேர்த்துவிட்டோம். போன சனிக்கிழமை இட்டாஸ்காவில், மிசிசிப்பி ஆறு ஏரியிலிருந்து புறப்படும் இடத்தில், கற்கள்மேல் நடந்து ஆற்றைக் கடக்கும்போது புத்தகம் தண்ணீருக்குள் விழுந்தது. (1891இல் தொடங்கிய பூங்கா அது. அங்கே பெருநதிக்கு ஓடையளவு அகலம்தான், எங்கள் புத்தகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.)

மை முத்திரைகளில் மூன்று கரைந்துவிட்டன: இட்டாஸ்கா, ஜே குக், 1930களின் அரசு வேலைப்படை இளைஞர்கள் கட்டிய கல்சுவர் உள்ள கூஸ்பெரி.

பக்கங்களுக்கிடையே உறிஞ்சுதாள் வைத்து இரண்டு நாள் அழுத்தினேன். முடி உலர்த்தியால் குளிர்காற்று காட்டினேன். தாள் காய்ந்தது, ஊதாக் கறை மட்டும் மிஞ்சியது. மூன்று இடங்களிலும் எடுத்த படங்கள் தேதியுடன் கைப்பேசியில் இருக்கின்றன. மினியாபொலிஸிலிருந்து இட்டாஸ்காவுக்குக் காரில் போகவே ஏறத்தாழ நான்கு மணி நேரம். மறுபடியும் போக விடுப்பு இல்லை.

படங்களைக் காட்டி வேறொரு பூங்கா அலுவலகத்திலேயே அழிந்த முத்திரைகளுக்கு மாற்று வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?