பள்ளிக்கரணையை வகுப்புக்குள் கொண்டுவர யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். தென்சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-ல். எங்களிடம் அது இன்னமும் தனியாக ஒரு தாள்தான். தேர்வுக்கு முந்தின ராத்திரி படிப்பதோடு சரி.

அதனால் அவரவர் பாடத்துக்குள்ளேயே நுழைத்துப் பார்க்கிறோம். எடுத்துக்கொண்டது பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு! என் வகுப்பில் 2015 டிசம்பர் மழையை எடுத்தேன். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. சராசரி எப்படி ஏமாற்றும் என்று அந்த ஒரு எண்ணே புரியவைத்துவிட்டது. தமிழ்த்துறை அக்கா நெய்தல் திணையோடு சேர்த்து நடத்தத் தயார்.

உதைப்பது வணிகவியலில்தான். சதுப்புநிலம் உள்வாங்கும் வெள்ளத்தைக் கணக்கேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. (எனக்குப் பற்று வரவே தகராறு.)

வணிகவியல், பொருளியல் வகுப்பில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? இரண்டு மணி நேரத்தில் முடிகிற பயிற்சி இருந்தால் அனுப்புங்கள். எந்த அலகோடு ஒட்டவைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். துறைத்தலைவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஜூனில் கல்லூரி திறக்கிறது.