"மூலைமட்டம்" என்ற சொல்லை ஒரு நிறுவனம் தன் வணிகக் குறியாக உரிமை கொண்டாட முடியுமா?

கேள்வி: கோவைப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். தச்சுக் கைக்கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றைக் கோவையில் நடத்தி வருகிறேன். ஈட்டி மரக் கட்டையில் எஃகுத் தகடு பொருத்திய மூலைமட்டம், அதாவது மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிதான், எங்களிடம் அதிகம் விற்கும் பொருள். எட்டு ஆண்டுகளாக அதை எங்கள் பட்டறையின் பெயரோடு சேர்த்து, "ஈட்டிக் கட்டை மூலைமட்டம்" என்றே விற்கிறோம். சென்ற மாதம் இணையச் சந்தையில் இருந்த எங்கள் விற்பனைப் பக்கம் திடீரென நீக்கப்பட்டது. அடுத்த வாரமே ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. "மூலைமட்டம்" என்பது தம் கட்சிக்காரரின் பதிவு பெற்ற வணிகக் குறி என்றும், பதினைந்து நாள்களுக்குள் அச்சொல்லைக் கைவிடாவிட்டால் இழப்பீடு கோரி வழக்குத் தொடரப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாக் கொத்தனாரும் தச்சரும் அன்றாடம் வாயால் சொல்லும் பெயர் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. பெயரை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதா, எதிர்த்து நிற்பதா? எதிர்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?

மறுமொழி 1: சட்டம் படித்தவர், சென்னை

பெயரை மாற்றாதீர்கள், நோட்டீஸில் உள்ளதை அப்படியே நம்பவும் வேண்டாம். வணிகக் குறிகள் பதிவகத்தின் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தை முதலில் தேடிப் பாருங்கள். பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில், கைக்கருவிகள் 8ஆம் வகுப்பில் வரும். "பதிவு பெற்றது" என்று எழுதுபவர்களில் பலர் விண்ணப்பம் மட்டுமே போட்டிருப்பார்கள். பதிவு ஆகாத குறியை வைத்துக்கொண்டு உரிமை மீறல் வழக்குத் தொடர 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் தருவதில்லை. பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டிக்கொள்வதை 107ஆம் பிரிவு தடை செய்கிறது.

உங்கள் மையக் கேள்விக்கு 9ஆம் பிரிவு விடை தருகிறது. பொருளின் வகையையோ தரத்தையோ பயனையோ மட்டும் சுட்டும் சொல்லையும், அந்தத் தொழிலில் வழக்காகிவிட்ட சொல்லையும் பதியக் கூடாது என்பது அதன் சாரம். விண்ணப்பத் தேதிக்கு முன்பே பயன்பாட்டால் தனித்தன்மை பெற்றுவிட்ட சொல்லுக்கு அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் ஒரு கருவியைக் குறிக்க ஊருக்கெல்லாம் இருக்கும் ஒரே பெயர் எப்படி ஒரு கடையை மட்டும் நினைவூட்டும்? அதை மெய்ப்பிப்பது அவர்களுக்கு மிகக் கடினம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தி, ஆங்கிலம் அல்லாத எழுத்தில் குறி இருந்தால், அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் விண்ணப்பதாரரே தர வேண்டும் என்பது விதி. அவர் தந்த மொழிபெயர்ப்பில் தச்சர் பயன்படுத்தும் செங்கோணக் கருவி என்று இருந்தால், அவருடைய சொல்லே உங்கள் வாதம். அப்படி இல்லாமல் புனைந்த சொல் என்று எழுதியிருந்தால், உங்கள் எதிர்ப்பில் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

மறுமொழி 2: கருவிக்கடை வைத்திருந்தவர், மதுரை

முப்பது ஆண்டுகள் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது இதற்கு நேர்மாறான கதை. 1959 முதல் விற்கும் ஃபெவிகால் ஒரு நிறுவனத்தின் குறி. ஆனால் வெள்ளைப் பசை எதுவாக இருந்தாலும் "ஃபெவிகால் கொடுங்கள்" என்று கேட்கும் ஆசாரிகள்தான் அதிகம். அமெரிக்காவில் மில்வாக்கி நிறுவனம் 1951இல் கொண்டுவந்த "சாஸால்" என்ற பெயரையும் அங்குள்ளவர்கள் முன்பின் ஓடும் மின்ரம்பம் எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். அந்த நிறுவனங்கள் தாமே புனைந்த பெயரைக் காக்கின்றன, அது நியாயம். இங்கே நடப்பது, ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு ஒருவர் பூட்டுப் போடுவது. இதை விட்டால் நாளைக்கு மரம் இழைக்கும் இழைப்புளி, அதன் பிறகு உளியைத் தட்டும் கொட்டாப்புளி என்று ஒவ்வொரு கருவியின் பெயருக்கும் பூட்டு விழும்.

மறுமொழி 3: மரவேலை ஆர்வலர், திருச்சி

மேலே உள்ளவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. பதிவாகியிருப்பது வெறும் சொல்லா, படத்தோடு கூடிய சின்னமா என்று பாருங்கள். சின்னமாக இருந்தால் 17ஆம் பிரிவின்படி உரிமை அந்தச் சின்னம் முழுமைக்குமே உண்டு. அதற்குள் இருக்கும் பொதுச்சொல்லைத் தனியே பிரித்துச் சொந்தம் கொண்டாட முடியாது. அப்படியானால் நீங்கள் எதிர்க்க வேண்டியது பதிவை அல்ல, நோட்டீஸை.

பதிவு கையில் இருப்பதாலேயே வழக்கு வென்றுவிடாது என்பதற்கும் சான்று உண்டு. "லோசார்ப்" என்ற பதிவை வைத்துக்கொண்டு, சமையல் எண்ணெய் உறையில் "லோ அப்சார்ப்" (குறைவாக உறிஞ்சும்) என்று எழுதிய போட்டி நிறுவனத்தை மாரிக்கோ தடுக்க முயன்றபோது, அது பொருளின் தன்மையை விவரிக்கும் சொல் என்று கூறி 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2020இல், நூடுல்ஸ் வழக்கில், "மேஜிக் மசாலா" என்பதை ஐடிசி தனியுரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் இவை, விற்பவர்கள் யோசித்துச் சூட்டிய பெயர்கள். மூலைமட்டத்தில் அந்த உழைப்புகூட இல்லை.

கேள்வி கேட்டவர்

தேடிப் பார்த்துவிட்டேன். சின்னம் அல்ல, தமிழ் எழுத்தில் வெறும் சொல். பதிவு ஆகவில்லை, விண்ணப்பங்களைப் பதிவகம் வெளியிடும் வணிகக் குறிகள் இதழில் வெளியாகி ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் "மூலையின் மட்டம்" என்று பொருள் வரும்படி ஏதோ எழுதியிருக்கிறார்கள். கருவியைப் பற்றிய பேச்சே இல்லை.

மறுமொழி 1: சட்டம் படித்தவர், சென்னை

அப்படியானால் உங்களுக்கு இருப்பது ஒரு மாதம்தான். இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எதிர்ப்பு மனு போக வேண்டும். அதற்குக் கால நீட்டிப்பு கிடையாது. எதிர்ப்பு மனுவுக்கான டிஎம்-ஓ படிவத்தை இணையவழியில் தாக்கல் செய்தால் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். மனுவின் நகல் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் எதிருரை தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இது போன்ற பல விண்ணப்பங்கள் அப்படியே மடிந்துபோகின்றன. தவறவிட்டாலும் 57ஆம் பிரிவின்படி பதிவை நீக்கக் கேட்கலாம். ஆனால் அதற்குக் காலமும் பணமும் அதிகம்.

சான்றுகளை இப்போதே திரட்டுங்கள். உங்கள் எட்டு ஆண்டு விலைப்பட்டியல்களை விடவும், மற்றவர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தியதற்கான ஆதாரங்களே வலுவானவை: பிற கடைகளின் பழைய பட்டியல்கள், தொழிற்பயிற்சி ஏடுகள், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்ற அகராதிகளின் பக்கங்கள்.

நோட்டீஸுக்கு ஒரு பக்கத்தில் பதில் அனுப்புங்கள்: குறி பதிவாகவில்லை, சொல் பொதுச்சொல், மிரட்டல் தொடர்ந்தால் 142ஆம் பிரிவின்படி அது ஆதாரமற்றது என்று அறிவிக்கக் கோரி நீங்களே வழக்குத் தொடர்வீர்கள் என்று. அதே பதிலின் படியை, விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தோடு, இணையச் சந்தைக்கும் அனுப்புங்கள். இவற்றை ஒரு வழக்கறிஞர் பார்த்த பிறகு அனுப்புவது நல்லது.

மறுமொழி 2: கருவிக்கடை வைத்திருந்தவர், மதுரை

கடையை மூடியபோது பழைய பற்றுச்சீட்டுக் கட்டுகளை எரிக்க மனம் வரவில்லை, பரணில்தான் கிடக்கின்றன. மூலைமட்டம் என்று கையால் எழுதிய சீட்டுகள் நிச்சயம் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்துவிட்டு, தேதி தெளிவாகத் தெரிகிறவற்றைப் படியெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.