விறகுக் கொதிகலனின் நொசில் கல் மாற்றியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

கிராண்ட்பாஸ் சலவைக்காரன்:
2022 இல் டீசல் வரிசையில் நின்று நொந்துபோய், விறகு வாயுக் கொதிகலனுக்கு மாறினோம். மேலறையில் விறகு வாயுவாகும்; அது நொசில் கல்லின் பிளவு வழியே கீழறைக்கு இறங்கி எரியும். மூன்றாம் வருடமே நொசில் கல் போய்விட்டது. இரண்டு விரல் நுழையும் பிளவு, முட்டி நுழையும் ஓட்டையாகியிருந்தது. கீழறையில் சீறிப் பாய வேண்டிய சுவாலை சோம்பி ஆடியது. ஈர இறப்பர் விறகுதான் கல்லைத் தின்றது என்று நினைக்கிறேன்.

காஸ்டபிள் என்ற, சூடு தாங்கும் வார்ப்புச் சீமெந்து குழைத்து நாங்களே புதுக் கல் வார்த்தோம். "தம்பி, ஒரு கிழமை நெருப்புக் காட்டாதீர்கள்" என்றார் மேசன் பாஸ். ஹோட்டல் விரிப்புகளோ மலையாய்க் குவிந்து கிடந்தன. மூன்றாம் நாளே மூட்டினேன். முக்கால் மணி நேரத்தில் உள்ளே சீனவெடி போல ஒரு சத்தம். ஆறவிட்டுத் திறந்தால், கல்லின் முகம் அப்பளமாய் உரிந்து சாம்பலில் கிடந்தது. பாஸ் வந்தார், ஏசவில்லை. மிச்சக் கல்லைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் என் கையைப் பிடித்து வைத்தார். ஈரம். அந்த ஈரம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

வத்தளைப் போறணை:
எங்களுடையது கொதிகலன் இல்லை, பாண் போறணை. தீச்செங்கல்லைச் சாதாரண சீமெந்துச் சாந்தில் கட்டிவிட்டுப் போனார் ஒருவர். அந்தச் சூட்டில் அது நிற்குமா? பொடிப்பொடியாய் உதிர்ந்தது. ஒரு காலை, வழக்கமாக வரும் ஐயா பாதிப் பாணையும் ஒரு கல் துண்டையும் மேசையில் வைத்து, "இதற்கும் சேர்த்தா காசு எடுத்தீர்கள்?" என்று கேட்டார். கடை நிறைய ஆட்கள்.

பழைய பொயிலர்காரன்:
கிராண்ட்பாஸ் தம்பி, விறகின் மேல் பழி போடாதீர்கள். ஈர விறகு தார் படிய வைக்கும், சூட்டைக் கெடுக்கும். ஆனால் பிளவின் விளிம்பைப் பெரும்பாலும் உடைப்பது குத்துக்கம்பி. நானும் அப்படித்தான் ஒரு கல்லைக் கொன்றேன், கரியைக் குத்திக் குத்தி. சாம்பலில் உள்ள பொட்டாசியமும் கல்லை அரிக்கும்.

இனி வார்ப்பவர்கள் கேளுங்கள். தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். குழைப்பது இலகுவாகட்டும் என்று கூட்டினால் கல்லின் பலம் போகும். முதல் நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். பிறகு நிழலில் காய விடுங்கள். முதல் நெருப்பு சுள்ளிதான்; நூறு பாகையைத் தாண்டும் இடத்தில் மணிக்கணக்கில் நிறுத்துங்கள். கல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். வழி இல்லாவிட்டால் வெடிக்கும். கல்லைச் சுற்றி விரிவதற்கு இடைவெளி விட்டு, தீப்பஞ்சுத் தாள் (சூடு தாங்கும் பீங்கான் இழைத் தாள்) வையுங்கள். கொழும்புக் காற்றில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கொதிகலனும் ஈரம் குடித்திருக்கும். அதையும் மெதுவாகவே மூட்டுங்கள். பழைய கல்லை உடைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மயிரிழை வெடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கிராண்ட்பாஸ் சலவைக்காரன்:
அண்ணா, நீங்களும் பாஸைப் போலவே பொறுமையாகக் காய விடத்தான் சொல்கிறீர்கள். குத்துக்கம்பி விஷயம் உண்மையாக இருக்கலாம். எங்கள் பையன் தினமும் குத்துவான். இரண்டாவது கல்லுக்கு இன்று ஐந்தாம் நாள். விரிப்புகளை வெளியே கொடுத்துத் துவைக்கிறேன்.