தாழ்தளப் பேருந்தில் ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நகரப் பேருந்துகளுக்கு மத்திய அரசு வகுத்த விவரக்குறிப்பில் தளத்தின் உயரத்துக்கு மூன்று அளவுகள் உண்டு: 400, 650, 900 மில்லிமீட்டர். காலில் காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டவளுக்கு 900 என்றால் என்னவென்று சொல்கிறேன். இரு கைகளாலும் கம்பியைப் பற்றி உடம்பை மேலே இழுக்க வேண்டும். பிறகு ஒரு கையை விட்டு, இடது காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும். அதற்குள் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். கல்லூரிக் காலம் முழுக்க அப்படித்தான் ஏறினேன். தோள்பட்டை போய்விட்டது, இப்போது சக்கர நாற்காலி.

சென்னையில் தாழ்தளப் பேருந்து கேட்டு மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும், வேகத்தடையில் அடிப்பாகம் உரசும் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. 2024 ஆகஸ்டில் 400 மி.மீ. தளப் பேருந்துகள் வந்தபோது எனக்கு மகிழ்ச்சிக்கு முன் ஆத்திரம்தான் வந்தது. ஓடாது என்று சொன்ன அதே சாலைகளில்தானே இன்று ஓடுகின்றன!

ஏறிய கதைக்கு வருகிறேன். நடத்துநர் இறங்கிவந்து, மடித்திருந்த சாய்தளப் பலகையை விரித்துப் போட்டார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் நிறுத்தத்தை ஒட்டி இருசக்கர வாகனங்கள் நின்றதால் பேருந்து நடுச்சாலையில் நின்றிருந்தது. பலகை நடைமேடையில் படிந்திருந்தால் சரிவு குறைவு, நானே உருட்டிக்கொண்டு போயிருப்பேன். சாலையில் படிந்ததால் செங்குத்தாகிவிட்டது. இருவர் தள்ளித்தான் ஏற்றினார்கள். பேருந்துக்கு அளவு வகுப்பவர்கள் அது நிற்கும் இடத்துக்கும் சேர்த்து வகுக்க வேண்டும்.

மறுமொழி 1

அக்கா, என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சாய்தளம் தேவையில்லை, தளம் தாழ்ந்திருந்தாலே போதும். முன்பெல்லாம் கோயிலுக்குப் போகக்கூட ஆட்டோதான். இப்போது தாழ்தளப் பேருந்து வரும்வரை காத்திருந்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறி அமர்கிறார். எந்த வண்டி எப்போது வரும் என்பதுதான் தெரிவதில்லை. சாதாரண வண்டிகள் வரிசையாகப் போன பிறகு ஒன்று வருகிறது.

மறுமொழி 2

எனக்குப் பார்வை கிடையாது. 2020 மார்ச் முதல் புதிய பேருந்துகளில் முன்னுரிமை இருக்கை, கைப்பிடிக் கம்பிகள், ஊன்றுகோலைப் பத்திரமாக வைக்க இடம், சக்கர நாற்காலி ஏறவும் பூட்டவும் வசதி எல்லாம் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் எனக்குச் சிக்கல் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வந்து நிற்பது எந்தத் தடம் என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டும். இரவில் நிறுத்தத்தில் ஆளில்லாவிட்டால் கையை நீட்டி நிறுத்தி, ஓட்டுநரிடமே கேட்கிறேன். உள்ளே அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் ஒலிபெருக்கி, கதவு திறக்கும்போது வெளியே தட எண்ணையும் சொல்லட்டும்.

முதல் பதிவர்

தம்பி, இதைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, வெளி ஒலிபெருக்கியையும் நிறுத்தத்தின் உயரத்தையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம். முதல் மறுமொழி எழுதியவரே, உங்கள் அம்மாவின் பெயரையும் சேர்க்கலாமா?