கே562 கிரிஸ்பர்ஐ ஸ்கிரீன்: ரெப்ளிகேட்டுகள் ஒத்துப்போகவில்லை, உதவுங்கள்

வணக்கம். கே562 என்ற மனித ரத்தப் புற்றுநோய் செல்வரிசையில், டிகேஸ்9-கிராப் (டிஎன்ஏவை வெட்டாமல் மரபணுவை அடக்கும் புரதம்) வைத்து, ஒரு மரபணுவைச் சுற்றியுள்ள என்ஹான்சர்களை (அதன் செயல்பாட்டைக் கூட்டும் டிஎன்ஏ பகுதிகளை) தேடும் ஸ்கிரீன் இது. 12,000 கைடுகள் (அந்தப் புரதத்தை இலக்குக்குக் கொண்டுசெல்லும் ஆர்என்ஏக்கள்), எம்ஓஐ (செல்லுக்குச் சராசரி வைரஸ் எண்ணிக்கை) 0.3. ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தின் ஒளிர்வில் மேல் 10%, கீழ் 10% பிரித்ததில் பக்கத்துக்கு 12 லட்சம் செல்தான் தேறியது, அதாவது கைடுக்கு 100. புரோமோட்டர் (மரபணு தொடங்கும் இடம்) கைடுகள் இரண்டு ரெப்ளிகேட்டிலும் (ஒரே சோதனையின் மறுசெய்கைகள்) தெளிவாக எழுகின்றன. என்ஹான்சர் கைடுகள்தான் ஒன்றில் இருந்தால் மற்றதில் இல்லை.

சந்தேகம், கைடுகளை எண்ணுவதற்காக டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மேல். போட்டது 2 மைக்ரோகிராம் டிஎன்ஏ மட்டுமே. கே562 ஏறக்குறைய மும்மடி (குரோமோசோம்கள் மூன்று தொகுதி உள்ள) செல். ஒன்றுக்கு 10 பிகோகிராம் என்று வைத்தால் அது வெறும் 2 லட்சம் செல், கைடுக்கு 17கூட இல்லை! பாடுபட்டுப் பிரித்ததெல்லாம் அந்தக் குழாயிலேயே போய்விடுகிறது.

மீதி டிஎன்ஏவையும் 2 மைக்ரோகிராம் வீதம் தனித்தனியாகப் பெருக்கிச் சேர்த்தால் போதுமா? இல்லை, பக்கத்துக்கு 60 லட்சம் வரும்வரை மறுபடி செல்களைப் பிரித்தே ஆகவேண்டுமா? செய்து பார்த்தவர்கள் பிசிஆர் சுழற்சி எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.