சியரா ஹப்ல அலாய் வீல்: எந்த நட், எவ்வளவு நீள ஸ்டட்?

கென்ட்_செவன்
வணக்கம் எல்லாருக்கும். இங்கிலாந்துல செவன் மாடல் கிட் கார் (பாகங்களை வாங்கி நாமளே கட்டுற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு கட்டிட்டு இருக்கேன், டோனர் (பாகங்கள் கழட்டி எடுத்த வண்டி) பழைய ஃபோர்டு சியரா, ஹப்பு டிரைவ்ஷாஃப்ட் பிரேக் எல்லாம் அதுல இருந்து எடுத்ததுதான். பிசிடி 4×108 (108 எம்எம் வட்டத்துல நாலு ஓட்டை), ஸ்டட் (நட் ஏறுற, ஹப்ல நிக்கிற போல்ட்) எம்12, அதாவது 12 எம்எம் டயா, 1.5 பிட்ச் (ஒரு சுத்துக்கு நட் 1.5 எம்எம் நகரும்). இப்போ ஆஃப்டர்மார்க்கெட் அலாய் வாங்கியிருக்கேன், முன்னாடி ஸ்போக் காலிப்பர்ல இடிக்குதுன்னு ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல 5 எம்எம் ஸ்பேசர் தட்டு போட்டேன், போட்டதும் நட் அஞ்சு சுத்துலயே டைட் ஆயிடுது. நட்டு டோனர்ல ஸ்டீல் வீலோட வந்ததுதான். வண்டி மொத்தமே 600 கிலோ சுத்திதான் வரும், லேசான வண்டிக்கு இதுவே போதும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல. ஐவிஏ டெஸ்டுக்கு (இப்படிக் கட்டின வண்டியை ரோட்டுக்கு அனுமதிக்கிற இங்கிலாந்து சோதனை) முன்னாடி இதை சரியா முடிச்சிடணும், சொல்லுங்க.

டார்க்_ரென்ச்
போதாது ப்ரோ, இப்படியே ரோட்டுல இறக்காதீங்க. ஸ்டட்டோட டயா எவ்வளவோ குறைஞ்சது அவ்வளவு நீளத்துக்கு நட்டுக்குள்ள திரெட் பிடிக்கணும். 12 எம்எம் ஸ்டட், 1.5 பிட்ச்னா 8 முழு சுத்து, உங்களுக்கு இப்போ 7.5 எம்எம்தான் பிடிக்குது.

லேசான வண்டிங்கற பேச்சை நம்பாதீங்க. நட்டோட வேலை வீலை ஹப் முகத்துல அழுத்திப் பிடிக்கறது, அந்த அழுத்தத்தால வர்ற உரசல்தான் பிரேக் போடும்போதும் வளைவுல திரும்பும்போதும் வீலை நகரவிடாம வெச்சிருக்கு, அந்தப் பிடி தளர்ந்துச்சுன்னா வீல் ஸ்டட் மேல ஆட ஆரம்பிக்கும், ஆடி ஆடி ஸ்டட் முறியும், வண்டி 600 கிலோவா 1200 கிலோவான்னு அது பார்க்காது.

நீள ஸ்டட் போட்ட பிறகு மூடின டோம் நட்டா இருந்தா இன்னொரு விஷயம் பாருங்க, ஸ்டட் நுனி போய் டோம்ல முட்டிச்சுன்னா ஸ்பானருக்கு டைட்டா தெரியும் ஆனா வீல் லூஸாதான் இருக்கும். வீல் இல்லாம நட்டை கையால கடைசி வரைக்கும் ஏத்திப் பாருங்க, எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

குறோய்டன்_கராஜ்
தம்பி, ஸ்டட் நீளம் சரிதான், ஆனா முதல்ல அந்த அலாய்ல நட் இருக்கிற சீட் என்ன வடிவம் எண்டு பாருங்கோ. ஆஃப்டர்மார்க்கெட் வீல் பெரும்பாலும் 60 டிகிரி கோன். கார் கம்பெனி வீல் எண்டால் வேற வேற, ஹொண்டாவுக்கு உருண்டை சீட், டொயோட்டா அலாய் பலதுக்கு வாஷர் வைச்ச தட்டை நட். உருண்டை சீட்டில கோன் நட்டை இறுக்கினால் மெல்லிய வளையம் மாதிரி ஒரு இடத்தில மட்டும்தான் தொடும், கொஞ்சத் தூரம் ஓடினதும் அலுமினியம் நசுங்கி நட் இளகிடும்.

சந்தேகம் எண்டால் சீட்டில மார்க்கர் பேனாவால நல்லாப் பூசிப்போட்டு நட்டை லேசா இறுக்கிக் கழட்டிப் பாருங்கோ. மை அகலமா, சுத்திவரச் சமனா அழிஞ்சிருந்தால் பொருந்துது, கோடு மாதிரி அழிஞ்சிருந்தால் அந்த நட் வேண்டாம்.

ஊருக்குப் போய் வரேக்க மலிவா நட் வாங்கி வர நினைச்சால் கவனம். சுசுகி, மாருதி, நிசான், சுபாரு எல்லாம் எம்12 தான், ஆனா பிட்ச் 1.25. முதல் ஒண்டு ரெண்டு சுத்து ஏறும், பிறகு பிடிக்கும், அதில பலம் குடுத்தால் ஸ்டட் திரெட்டே போச்சு.

கென்ட்_செவன்
ரொம்ப நன்றி அண்ணே, ப்ரோ. மார்க்கர் வெச்சுப் பார்த்துட்டேன், கோன்தான், சுத்தி நல்லா தொடுது. ஸ்டட் மாத்திடறேன். பழசைத் தட்டி எடுத்துட்டு புதுசை நட்டு போட்டு இழுத்தே உள்ள ஏத்திடலாமா? ஹப்பு ஸ்பேசர் எல்லாம் பவுடர் கோட் பண்ணலாம்னு இருக்கேன், அதுல பிரச்சனை வருமா?

டார்க்_ரென்ச்
ஸ்டட் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காம தலைக்குக் கீழ இருக்கிற பல்லு பகுதியோட டயாவை வெர்னியர்ல அளந்து வாங்குங்க, அது ஹப் ஓட்டைக்கு லூஸா இருந்தா நட்டோட சேர்ந்து ஸ்டட்டும் சுத்தும். பலத்துக்கான கிரேடு 10.9 போட்டதா எடுங்க. முடிஞ்சா ஹப்பைக் கழட்டி பிரஸ்ல ஏத்துங்க, சுத்தியல் வேண்டாம், பேரிங்குக்கு அடி. நட்டால இழுத்தா அந்த நட்டைத் தூக்கிப் போட்டுடுங்க, அதை வீலுக்குத் திரும்பப் போடக்கூடாது.

பவுடர் கோட் வெளிய தாராளமா பண்ணுங்க, ஆனா வீல் உட்கார்ற ஹப் முகம், ஸ்பேசரோட ரெண்டு பக்கம், அலாயோட பின்முகம், நட் சீட் இதெல்லாம் மாஸ்க் பண்ணிடுங்க. அந்தக் கோட்டிங் ஓட ஓட நசுங்கும், நசுங்கின அளவுக்கு நட்டோட பிடி குறையும். கிட் கார்ல எல்லாத்தையும் அழகா பெயின்ட் பண்றதால இது நிறைய வண்டில நடக்குது.

அப்புறம் சியரா ஹப் ஸ்பிகாட் (வீலோட நடு ஓட்டைக்குள்ள போற ஹப் நடு மேடு) 63.4 எம்எம். ஸ்பேசர் அதை மறைச்சிடுச்சுன்னா வீலை சென்டர் பண்றது கோன் நட்டு மட்டும்தான், அதனால ஜாக்குல இருக்கும்போதே குறுக்குக் குறுக்கா கையால ஏத்தி, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணிட்டு இறக்குங்க. டார்க் (நட்டை இறுக்கற அளவு) சுமார் 100 நியூட்டன் மீட்டர், வீல் கம்பெனி வேற அளவு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. திரெட்ல காப்பர் கிரீஸ் தடவாதீங்க, அதே டார்க்குக்கு ஸ்டட் அளவுக்கு மேல இழுபடும். 50 மைல் ஓட்டிட்டு வீல் ஆறினதும் திரும்ப டார்க் செக் பண்ணுங்க, ஒரு நட்டாவது நகர்ந்துச்சுன்னா அடுத்த 50 மைலுக்கும் அதே.