பைத்தான், ரஸ்ட், ஜாவா லோகோக்களைத் திறந்த எமோஜித் தொகுப்பில் சேர்க்கலாமா?

கோட்டோவியம்:

வணக்கம். ஓபன்மோஜி என்ற திறந்த எமோஜித் தொகுப்பை அடிப்படையாக வைத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு எமோஜித் தொகுப்பு வரைந்து வருகிறோம். ஓபன்மோஜி சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது (வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும்), எனவே எங்களுடையதும் அதே உரிமம்தான். இப்போது நிரல்மொழிகளுக்கு ஐகான் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள்: பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட், கோ, ரூபி, பிஎச்பி.

டெவ்ஐகான் என்ற ஐகான் தொகுப்பில் எல்லாமே எஸ்விஜி படக்கோப்பாகக் கிடைக்கிறது, எம்ஐடி என்ற தாராளமான திறந்த உரிமம். அதை எடுத்து, கோட்டின் தடிமனையும் நிறங்களையும் எங்கள் பாணிக்கு மாற்றிப் போட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்டை (மாற்றக் கோரிக்கையை) பார்த்த ஒருவர் ‘வணிகச் சின்னம்’ என்று மட்டும் எழுதிவிட்டு, தொகுப்பில் மெர்ஜ் செய்யாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். எம்ஐடி என்று போட்டிருந்தும் என்ன சிக்கல்? நாங்களே முதலிலிருந்து வரைந்தால் தீருமா?

ஓரவெட்டு:

தடுத்தவர் சரியாகத்தான் தடுத்திருக்கிறார். ஒரு லோகோவில் இரண்டு விதமான உரிமைகள் உண்டு. படத்தை நகலெடுக்க, மாற்ற, வெளியிட அனுமதிப்பது பதிப்புரிமை. அந்தச் சின்னம் யாரைக் குறிக்கிறது, எங்கே ஒட்டலாம் என்பது வணிகச் சின்ன உரிமை. தெருவைப் படம் எடுத்தவர் தன் படத்தை உங்களுக்குத் தாராளமாகத் தரலாம்; படத்தில் தெரியும் கடைப் பலகையை அவரால் தர முடியாது. டெவ்ஐகானின் எம்ஐடி உரிமமும் அந்த அளவுக்குத்தான்.

உங்கள் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தையே எடுத்துப் படியுங்கள். காப்புரிமமும் (பேட்டன்ட்) வணிகச் சின்னமும் இந்த உரிமத்தில் அடங்காது என்று இரண்டாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்பாச்சி 2.0 என்ற மென்பொருள் உரிமத்திலும் ஆறாம் பிரிவு இதைத்தான் சொல்கிறது.

நீங்களே வரைந்தால் டெவ்ஐகான்காரர்களின் கோப்பைச் சாராமல் இருப்பீர்கள், அவ்வளவுதான். பார்த்தவுடன் ‘பைத்தான் லோகோ’ என்று தெரிகிறது என்றால் வணிகச் சின்னக் கேள்வி அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் பாணி மாற்றி வரைவது சில இடங்களில் இன்னும் சிக்கல். லோகோவை உருமாற்றாதே என்பதுதான் பெரும்பாலான வணிகச் சின்னக் கொள்கைகளில் முதலில் வரும் விதி.

கோட்டோவியம்:

அப்படியென்றால் ஒன்றையும் சேர்க்க முடியாதா? இணையத்தில் எல்லாரும் ‘இது பைத்தானில் எழுதியது’ என்று அந்த லோகோவைப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

ஓரவெட்டு:

அவர்கள் பைத்தானைக் குறிக்க பைத்தானின் சின்னத்தைப் போடுகிறார்கள். அதற்குப் பொதுவாக இடம் உண்டு. எமோஜி அப்படி ஓரிடத்தில் நிற்காது. உங்கள் தொகுப்பை எடுத்து ஒருவர் டி-ஷர்ட் அடிப்பார், இன்னொருவர் தன் பயிற்சி மையத்தின் பெயர்ப் பலகையில் போடுவார். வணிகப் பயன்பாட்டுக்கும் சரி என்று உங்கள் உரிமம் சொல்வதை நம்பித்தான் செய்வார்கள். அப்புறம் சின்னத்தின் உரிமையாளரிடமிருந்து கடிதம் வருவது அவர்களுக்கு. எனக்கு உறுத்துவது இதுதான்.

நெடுங்கணக்கு:

மொழிக்கு மொழி நிலைமை வேறு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரஸ்ட் நல்ல உதாரணம். பல்சக்கர லோகோவின் படம், பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை உரிமத்தில் இருக்கிறது, ஆனால் அதே லோகோ ரஸ்ட் அறக்கட்டளையின் வணிகச் சின்னமும்கூட. 2023 ஏப்ரலில் அறக்கட்டளை தன் வணிகச் சின்னக் கொள்கைக்கு ஒரு வரைவு வெளியிட்டபோது, பயனர்களிடமிருந்து எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று நினைவிருக்கும். லோகோவுக்குப் பதில், ரஸ்ட் பயனர்களின் செல்லப் பாத்திரமான ஃபெர்ரிஸ் நண்டை வரையுங்கள். அது அதிகாரப்பூர்வச் சின்னம் கிடையாது, வரைந்தவரே பொதுக்களத்துக்கு விட்டுவிட்டார்.

கோ மொழிக்கும் அதே வழி. லோகோவை விட்டுவிட்டு, ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த கோஃபரை, அதாவது கோ மொழியின் செல்லப் பிராணியை எடுங்கள். சிசி பை உரிமம். அவர் பெயரைப் போட்டு, நீங்கள் மாற்றியிருப்பதையும் குறிப்பிட்டால் பை-எஸ்ஏ தொகுப்புக்குள் வரத் தடையில்லை.

ரூபி லோகோ 2006இல் அந்த மொழியை உருவாக்கிய யுகிஹிரோ மட்சுமோட்டோ பெயரில் சிசி பை-எஸ்ஏ 2.5 உரிமத்தில் வந்தது. தழுவலை அதே உரிமத்தின் பிந்தைய பதிப்பில் வெளியிடலாம் என்று 2.5லேயே இருக்கிறது, எனவே 4.0 தொகுப்புக்குப் பொருந்தும். பிஎச்பியின் நீள்வட்ட லோகோ காலின் வீப்ராக் வரைந்தது, பை-எஸ்ஏ 4.0, நேரடியாகவே பொருந்துகிறது.

ஜாவாவின் ஆவி பறக்கும் கோப்பை ஆரக்கிள் நிறுவனத்துடையது, தொடாதீர்கள். சிம்பிள் ஐகான்ஸ் என்ற லோகோத் தொகுப்பே ஜாவாவை நீக்கிவிட்டு, ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகேயின் ஐகானோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் ஜாவாவின் செல்லப் பாத்திரமான ட்யூக் பொம்மையை, அப்போது ஜாவாவை வைத்திருந்த சன் நிறுவனம் 2006இல் பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் கூடவே வையுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வேடிக்கை. எல்லாருக்கும் தெரிந்த அந்த மஞ்சள் சதுரம் சமூகத்தில் பிறந்தது. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற பெயர்தான் அமெரிக்காவில் ஆரக்கிளின் பதிவுபெற்ற வணிகச் சின்னம். அதை ரத்து செய்யக் கோரி, ஜாவாஸ்கிரிப்ட் இயக்கும் மென்பொருளைத் தயாரிக்கும் டீனோ நிறுவனம் 2024 நவம்பரில் மனு போட்டது.

பைத்தானின் இரட்டைப் பாம்பு பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் சின்னம். உருமாற்றிய வடிவங்களைப் பற்றி அவர்கள் கொள்கையில் தனியாகவே பேசியிருக்கிறார்கள். உங்கள் வரைபடத்தை இணைத்து மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

யாராவது பெர்ல் கேட்டால் ஒட்டகத்தைப் போடாதீர்கள். அது ஓ’ரைலி பதிப்பகத்தின் சின்னம். பெர்ல் அறக்கட்டளைக்கு வெங்காயம்தான்.

கோட்டோவியம்:

மிக்க நன்றி. நண்டு, கோஃபர், ட்யூக், ரூபி, பிஎச்பி ஐந்தையும் இப்போது வைத்துக்கொள்கிறோம். பைத்தானுக்கு மின்னஞ்சல் எழுதுகிறேன், பதில் வரும்வரை அது வெளியே. மஞ்சள் சதுரத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் சேர்த்து, தொகுப்போடு வரும் ரீட்மீ விளக்கக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதுமா?

ஓரவெட்டு:

போதாது. ஆட்கள் ஒற்றை எஸ்விஜியைத்தான் எடுத்துப் போவார்கள், ரீட்மீ கூடப் போகாது. சிம்பிள் ஐகான்ஸ் தரவுக் கோப்பைப் பாருங்கள்: மொத்தத் தொகுப்பும் சிசி ஜீரோ (நிபந்தனையே இல்லாத உரிமம்) என்றாலும் ஒவ்வொரு லோகோவுக்கும் மூலம் எங்கே, லோகோவைப் பயன்படுத்தும் வழிகாட்டுதல் எங்கே, தனி உரிமம் உண்டா என்று எழுத இடம் வைத்திருக்கிறார்கள். அந்த முறையைப் பின்பற்றுங்கள். எஸ்விஜிக்குள்ளேயே மெட்டாடேட்டாவில் (கோப்பைப் பற்றிய குறிப்புப் பகுதியில்) வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் எழுதிவிடுங்கள். நண்டைத் தவிர மற்ற நான்குக்கும் இந்த விவரத்தைக் கூடவே கொடுப்பது கட்டாயம்.

விசைமுனை:

குறுக்கே ஒரு சந்தேகம். எழுத்துக்கும் எமோஜிக்கும் பொது எண் தரும் யூனிகோட் தரநிலையில் இவற்றுக்கு எண் கிடைக்குமா?

நெடுங்கணக்கு:

கிடைக்காது, லோகோக்களை யூனிகோட் எமோஜியாக ஏற்பதில்லை. அவரவர் விருப்பப்படி பயன்படுத்த யூனிகோட் ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில் 6,400 இடங்கள் உண்டு, ஓபன்மோஜியும் தன் கூடுதல் படங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் உங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டம் தெரியும், அல்லது வேறு எழுத்துருவின் படம் வந்து நிற்கும். ஓபன்மோஜி ஏற்கெனவே எடுத்துக்கொண்ட எண்களோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.